மேஜைக்கு அடியில் எரிந்த பச்சை விளக்கு

ஆராய்ச்சிக்கூடத்தில் வாளியோடு தரை துடைக்க வரும் அவர் எல்லோருக்கும் வாளியக்கா. பதினோரு வருஷமாய்க் காலையில் கதவைத் திறக்குமுன் கண்மூடி ஒரு நொடி கடவுளை நினைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். நடுவிலிருக்கும் பெரிய மேஜையைத் தொடவே மாட்டார். புடவை நுனிகூட உரசாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து அதன் அடியில் துடைப்பார்.

மேஜைமேல் ஒரு மூடிய பெட்டி. அதற்குள் ஒளித்துளிகள் ஒவ்வொன்றாய் கீறல் போன்ற இரண்டு மெல்லிய திறப்புகளைத் தாண்டித் திரையில் விழும். புள்ளிகள் சேரச் சேர வரிவரியாய்த் தெரியும்.

“எந்தக் கீறல் வழியா வந்துச்சுன்னு வேவு பாத்தா மட்டும் வரி வராதுக்கா. வெறும் திட்டுதான்” என்று விஞ்ஞானியம்மா ஒருநாள் சொல்லியிருந்தார்.

“ரோஷம் பாருங்க அதுக்கு!” என்று அக்கா சிரித்தார்.

இப்போது ஒரு வாரமாய் வரிகளைக் காணோம். மேலாளர் ஒரு தாளோடு வந்தார்.

“நீதான் மேஜையை இடிச்சிருக்கே. மன்னிப்புக் கடிதம் அடிச்சாச்சு. கையெழுத்துப் போடு, இல்லேன்னா நாளையிலேருந்து வராதே.”

அக்காவின் அஞ்சாங்கிளாஸ் படிப்பு போதும், படித்துவிட்டார். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவரின் மருந்து நினைவுக்கு வந்தது. ஆனாலும் தாளைத் திருப்பி நீட்டினார்.

“செய்யாத தப்புக்கு என் கை எழுதாது சார்.”

“சாமி கும்பிடுறவளுக்கு இவ்வளவு திமிரா?”

“கும்பிடுறதாலதான் சார். அங்க குனியிற தலை கண்ட இடத்துல குனியாது. நான் துடைக்கிறதை நீங்களே நின்னு பாருங்க.”

கைகட்டி நின்றார் மேலாளர். பார்வை அக்காவின் முதுகில் குத்தியது. விடவில்லை, குந்தினார். மேஜைக்கு அடியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. ஒரு வாரமாய்த் தினமும் பார்த்ததுதான், நமக்கெதற்கு என்று விட்டிருந்தார்.

“அம்மா, இது என்ன? போன வாரம் வெளியாளுங்க வந்துட்டுப் போனதுலேருந்து எரியுதே!”

விஞ்ஞானியம்மா குனிந்தார். முகம் வெளிறியது.

“ஐயோ, வேவு பாக்குற கருவி! அவங்களுக்குக் காட்டப் போட்டேன், அணைக்க மறந்துட்டேன். நாம கண்ணால பாக்கணும்னுகூட இல்லைக்கா, அது வழியைக் குறிச்சுக்கிட்டாலே வரி போயிடும்.”

அணைத்தார்கள். மதியத்துக்குள் வரிகள் எழுந்து நின்றன.

“சரி சரி, போய் வேலையைப் பாரு” என்று மேலாளர் தாளைக் கசக்கப் போனார்.

“கசக்காதீங்க சார். அடிச்ச கடிதம் வீணாகலாமா? என் பேரை அடிச்சிட்டு உங்க பேரைப் போட்டு எனக்குக் குடுங்க.”

வாளியை வாசலுக்குக் குறுக்கே வைத்துவிட்டு அக்கா நின்றார். விஞ்ஞானியம்மா பேனாவைத் திறந்து மேலாளரிடம் நீட்டினார்.

“அவர் எழுதட்டும்க்கா. அடியில என் கையெழுத்தும் வேணும்.”