கிட்டார் கழுத்தில் ஒரு பழுப்புக் கறை

எங்கள் மலையூரில் ஒண்டிக்கடைப் பக்கம் பழைய சாமான் விற்கும் பாயிடம் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன் என்று போன வாரம் போட்டிருந்தேன் அல்லவா?

உள்ளே வயரையெல்லாம் புதிதாகப் பற்றவைத்தேன். கழுத்துப் பலகையில் காசளவு பழுப்புக் கறை ஒன்று இருந்தது. கம்பித் துரு என்று நினைத்து இரண்டு நாள் தேய்த்துப் போக்கினேன்.

இன்று காலை புதுக் கம்பி மாட்டி முறுக்கும்போது ஒன்று பட்டென்று அறுந்து, இடது கை மோதிர விரலைக் கிழித்துவிட்டது.

ரத்தம் சரியாக அந்தக் கறை இருந்த இடத்தில்தான் சொட்டியது.

ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். கட்டுப்போட்ட கையை ஜெர்கின் பைக்குள் விட்டுக்கொண்டு, பனிமூட்டத்தில் நேராகப் பாய் கடைக்குப் போனேன். கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏனுங்க பாய், எனக்கு முன்னாடி அந்தக் கிட்டார யாராச்சும் வாங்கினாங்களா?"

"ரெண்டு பேருங்க. ஒரே வாரத்துல திருப்பிக் கொண்டாந்து வெச்சுட்டாங்க."

"ஏனுங்க?"

பாய் என் ஜெர்கின் பையையே பார்த்தார்.

"உங்களுக்கும் மோதிர வெரலுங்களா?"

வேறு கம்பி மாட்டியதும் கிட்டார் இப்போது அருமையாகப் பாடுகிறது. கறையை மட்டும் இந்த முறை நான் துடைக்கவில்லை.

யாருக்காவது வேண்டுமா? தையல் போடத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை.