யாரும் தொடாத பங்களா

கொழுந்து பறிக்கும் காளியாயியின் மகள் சிவதர்சினி டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவள். ஹட்டனுக்கு பஸ் ஏறிப்போய்க் கணினி படித்து, தான் படித்த பாடசாலைக்கே ஆசிரியையாக வந்தாள். அவளையும் ஐந்து கணினிகளையும் 2006இல் அங்கே படிப்பித்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தந்தது ஒரு கொழும்பு நிறுவனம். அதோடு நின்றிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். கிருஷாந்தன் என்றொரு நிபுணரையும் அல்லவா அனுப்பித் தொலைத்தார்கள்!

சிறுபிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்பது அந்த மனிதருக்கு அத்துப்படியாம். அதன்படிதான் கணக்கு விளையாட்டுக்குத் திரை வடிவமைத்தாராம். ஒரு விளையாட்டு முடிந்தால் மூலையிலிருக்கும் வீட்டுப் படத்தை அழுத்த வேண்டும், அடுத்தது வரும். சிவப்பு ஓடு, புகைபோக்கி, முன்னால் புல்வெளி. நாங்கள் சொல்லிக்கொடுக்கக் கூடாது, பார்த்ததும் பிள்ளைகளுக்கே விளங்கும் என்றார். விளங்கியது! மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப்பேரும் முதல் விளையாட்டை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இதுகளுக்கு ஏறாது டீச்சர்," என்றார் என்னிடம், பிள்ளைகளின் காதுபடவே. "அடுத்த கிழமையும் இப்படித்தான் என்றால், கொம்பியூட்டர் எல்லாத்தையும் டவுன் ஸ்கூலுக்குக் குடுத்திடுவம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த முட்டாளுக்கு வாய் மட்டும் குறைச்சலில்லை. அவருடைய ஜீப் இறங்கிப் போனதும் சிவதர்சினி, லோஜனா என்ற சிறுமியின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"ஏம்மா, அந்த வீட்ட அமுக்கிப் பாக்கல?"

"அது தொர பங்களா டீச்சர். கூப்பிடாம உள்ள போனா நாய அவுத்து விட்டுருவாங்க."

தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா அச்சு அசல் அந்தப் படம் மாதிரித்தான். மற்ற ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தை மட்டும் மாற்ற சிவதர்சினிக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து வரைந்தாள். தகரக்கூரை, வரிசையாக ஆறு கதவு, வாசலில் கொழுந்துக்கூடை.

அடுத்த கிழமை பிள்ளைகள் அந்த லயத்தை அமுக்கி அமுக்கி எல்லா விளையாட்டையும் முடித்துவிட்டுக் கூச்சல் போட்டார்கள். கணினிகள் இங்கேயே இருக்கட்டும் என்று நிபுணரும் வேறு வழியில்லாமல் சொன்னார். ஆனால் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"வேலை செய்யுது, சரி. ஆனா கொழும்பில இதைக் காட்ட ஏலாது தங்கச்சி. மனிசர் இருக்கிற இடம் மாதிரியே இல்லையே."

சிவதர்சினி திரையில் மூன்றாவது கதவைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுல நாங்க இருக்கோம் சேர்."