பைக் எஞ்சின் காரும் என் பக்கத்து சீட்டும்

போன புதன்கிழமை காலை. காபியைக்கூட நான் குடித்து முடிக்கவில்லை. எடை பார்க்கிற மெஷினைத் தரையில் வைத்து, அதன் மேல் ஏறி நிற்கச் சொன்னார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று எனக்கு பயம். ஷுகர், பிரஷர்... இந்த வயதில் எது வேண்டுமானாலும் வரலாம் இல்லையா? பேசாமல் ஏறி நின்றேன். குனிந்து பார்த்தார். கால்குலேட்டரில் என்னமோ தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

"வசந்தி, தப்பா நெனச்சுக்காத. நீ உட்கார்ந்தா பதிமூணு ஹார்ஸ்பவர் போகுது."

எத்தனை கிலோ இருந்தேன் என்று கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம். சொல்லப் போவதில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இவரை நன்றாகத் தெரியும். மொட்டை மாடியில் சூரிய அடுப்பு செய்து, அதில் சாதத்துக்கு பதிலாகப் பக்கத்து வீட்டு வடாமைக் கருக்கியவர். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — இவர் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் டிசைன் எஞ்சினியராக இருந்து, வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டுக்கு வந்தவர். கூட வாங்கின நண்பர்கள் எல்லாம் வாக்கிங் போனார்கள், ஷேர் மார்க்கெட் பார்த்தார்கள். இவர் கார் செய்ய ஆரம்பித்தார்.

கார் என்றால் நம்ம ஊர் டாக்ஸி மாதிரி நினைக்காதீர்கள். கிட் கார். இரும்புக் குழாய்களை வெல்ட் பண்ணின ஒரு சட்டம், அதன் மேல் ஃபைபர் பாடி, நாலு சக்கரம், இரண்டே சீட். கூரை கிடையாது. கோயம்புத்தூர்ப் பக்கம் யாரோ ஆசையாக ஆரம்பித்துவிட்டு, பாதியில் கை கழுவினது. பெட்டி பெட்டியாக எங்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. அதை வைக்க இடம் வேண்டும் என்று, நான் பதினைந்து வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்த பழைய பத்மினி காரை விற்றார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பெட்டிகளில் எல்லாம் இருந்தது. எஞ்சின் மட்டும் இல்லை. அது அவரவர் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டியதாம். மண்டபம் ரெடி, சமையல் ரெடி, மாப்பிள்ளையை மட்டும் நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி!

தேட ஆரம்பித்தோம். அம்பாசிடர் எஞ்சின்? அந்தக் கனத்துக்கு சட்டமே வளைந்துவிடும் என்றார். சின்ன 800 காரின் எஞ்சின்? கனம் இல்லை, சக்தியும் இல்லை. என் தம்பி பிரகாஷ் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளை மதிப்புப் போடுகிறவன். ஸ்ரீராம்புரத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே இருக்கிறான். அவன் ஒரே கட்சி.

"மாமா, ஜிப்ஸி ஜீப் எஞ்சின் போடுங்க. கியர்பாக்ஸோட வரும். இழுவை நல்லா இருக்கும். ஸ்பேர் எல்லாம் ஜே.சி. ரோட்லயே கெடைக்கும்."

இவர் ஒப்புக்கொள்ளவில்லை. எஞ்சின் கனமானால் அதைத் தாங்க சட்டம் கனமாகும், சட்டம் கனமானால் நிறுத்த பிரேக் பெரிதாகும், எல்லாவற்றையும் இழுக்க இன்னும் பெரிய எஞ்சின் வேண்டும்... ஒரு கனம் வந்தால் பின்னாலேயே பத்து கனம் வரும், சொந்தக்காரர்கள் மாதிரி என்று விளக்கினார். விளக்கும்போது என் தம்பியைத்தான் பார்த்தார்.

கடைசியில் சிவாஜிநகர் குஜிலியில், பழைய சாமான் சந்தையில், ஒரு பாய் கடையில் மாட்டியது மாப்பிள்ளை. ஜப்பான் பைக் ஒன்று. முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது, எஞ்சினுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. நாலு சிலிண்டர், கியர்பாக்ஸ் உள்ளேயே அடக்கம். ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிப்ஸி எஞ்சினில் பாதி கனம், ஒன்றரை மடங்கு சக்தி என்று குதித்தார். நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன். பிரகாஷ் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். பைக்கில் ரிவர்ஸ் கியர் ஏது?

இவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வாங்கியிருக்கிறார். ரிவர்ஸ் கியரும் ஒரு கனம்தானாம். யோசித்து வண்டி ஓட்டுகிறவன் எதற்குப் பின்னால் வரப் போகிறான்? அப்படியே வந்தாலும், இறங்கி ஒரு கையால் தள்ளினால் நகர்கிற வண்டி இது என்றார். ஹேண்ட்பிரேக்கையும் அதே வாதத்தில் மாட்டாமல் விட்டார்.

அப்புறம் ட்யூனிங். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அதுதான் எங்கள் வீட்டு வேலை. நாலு சிலிண்டருக்கு நாலு கார்புரேட்டர். நாலும் ஒரே அளவு மூச்சு இழுக்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொன்றாகக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பெங்களூர் மேட்டில் இருக்கிற ஊர், காற்று லேசு, அதனால் பெட்ரோலையும் குறைக்க வேண்டும் என்று பெட்ரோலை அளந்து விடுகிற குட்டிக் குட்டிப் பித்தளை ஜெட்டுகளை மாற்றிக்கொண்டே இருந்தார். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டுமாம். கருப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. டீயோடு நான் கொண்டுபோன பிஸ்கட்டை ப்ளக் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்த பிஸ்கட்டையே சாப்பிட்டார்.

மெதுவாகப் போனால் அந்த எஞ்சின் தூங்கும். அழுத்தி மிதித்தால், ஒரு கட்டத்துக்கு மேல் திடீரென்று விழித்துக்கொண்டு பாடும். இவர் அந்தப் பாட்டுக்காகவே ட்யூன் பண்ணிப் பண்ணி, கீழ் வேகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச இழுவையையும் மேலே அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டு டீச்சரம்மா காம்பவுண்டு வழியாக எட்டிப் பார்த்து, இன்றைக்கும் ஸ்டார்ட் பண்ணுவாரா என்று என்னிடம் விசாரிப்பார். பரீட்சை பேப்பர் திருத்த வேண்டும், பாவம்.

இதையெல்லாம் நான் எதற்காகப் பொறுத்துக்கொண்டேன்? காரணம் இருக்கிறது. முதல் சவாரி எனக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத் தம்பி வீட்டுக்கு, என் தெருவுக்கு, அந்தச் சிவப்புக் காரில் நான் போய் இறங்க வேண்டும். கார்ப்பரேஷன் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்ணை அந்தத் தெரு பார்த்திருக்கிறது. இதையும் பார்க்கட்டுமே! முடி பறக்காமல் இருக்க கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு ஸ்கார்ஃப்கூட வாங்கிவிட்டேன். ஆசைதான். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

புதன்கிழமை காலை பதிமூன்று ஹார்ஸ்பவர் போனது. புதன்கிழமை சாயந்திரம் என் சீட்டைக் கழற்றிவிட்டார்.

சீட் பதினோரு கிலோ, அதற்கு மேல் நான். முதல் ஓட்டத்தில் வண்டி எப்படிப் போகிறது என்று சரியாகத் தெரிய வேண்டும், நீ பின்னாலேயே ஆட்டோவில் வந்துவிடு என்றார். கழற்றின சீட்டை ஹாலில், டி.வி.க்கு எதிரே வைத்தார். நான் அதில் உட்கார்ந்துதான் சீரியல் பார்த்தேன். முதுகுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். கூடவே இருந்து பிஸ்கட் கொடுத்தவளை, வேண்டாத சாமான் கணக்கில் சேர்த்துவிட்டாரே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் காரில். நான் ஆட்டோவில், மடியில் பாயசத் தூக்கோடு. ரிச்மண்ட் சர்க்கிளைத் தாண்டியதும் ஒரு சத்தம், சிவப்பாக ஒரு புள்ளி, அவ்வளவுதான் பார்த்தேன்.

ஸ்ரீராம்புரத்தில் போய் இறங்கினால் தெருவில் காரும் இல்லை, கூட்டமும் இல்லை. பிரகாஷ் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, மாமா பின் சந்துல நிக்கிறாரு. நிக்கிறாருன்னா... உட்கார்ந்திருக்காரு."

அந்தச் சந்து எனக்குத் தெரியும். செங்குத்தான சரிவு, இரண்டு பக்கமும் வீட்டு வாசற்படிகள். கீழே போனால் எங்கள் தெருவுக்குக் குறுக்கு வழி. ரூட் மேப் போட்டு, பின்னால் எடுக்கவே வேண்டியிராத வழியாகப் பார்த்து இவர் தேர்ந்தெடுத்திருந்தது அதைத்தான். இரண்டு நாள் முன்னால் குழாய் போட அடிவாரத்தில் குறுக்கே பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். பெங்களூரில் ரூட் மேப் போடுகிறவர் பள்ளம் தோண்டுகிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டாமா?

பள்ளத்துக்கு முன்னால், மூக்கு கீழே பார்க்க நின்றிருந்தது கார். உள்ளே இவர். இறங்க முடியாது — ஹேண்ட்பிரேக் இல்லை, காலை எடுத்தால் வண்டி பள்ளத்தில். தெருப் பையன்கள் சக்கரத்துக்கு முன்னால் செங்கல் வைத்திருந்தார்கள். இவருக்கு அந்தச் செங்கல் மேல் நம்பிக்கை வரவில்லை. கையில் யாரோ கொடுத்த டீ, காலில் பிரேக். அரை மணி நேரமாக இப்படியே இருக்கிறாராம். தம்பியின் எதிர் வீட்டு சரோஜா அக்கா, பெருமாள் கோயிலில் சுண்டல் கொடுக்கிற அதே கரிசனத்தோடு சொன்னார்.

"வசந்தி, பாவம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் கால் மரத்துப் போச்சாம்."

என்னைக் கொண்டுவந்த ஆட்டோக்காரரும் பின்னாலேயே வந்து வேடிக்கை பார்த்தார்.

"ரிவர்ஸ் இல்லியா மேடம்? நம்ம ஆட்டோலயே இருக்குதே."

சொன்னதோடு நிற்கவில்லை. போய் ஆட்டோவை எடுத்து, சந்து முனை வரைக்கும் ரிவர்ஸிலேயே ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

தள்ளி ஏற்றலாம் என்று பார்த்தார்கள். சரிவு அதிகம், ஃபைபரில் கை வைக்க பயம். அப்போது ஒருவர், கார்ப்பரேஷனில் வேலை பார்க்கிற முருகேசன், கூடி நின்றவர்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இது என்ன பெரிய வண்டி, தூக்கியே திருப்பி வைத்துவிடலாம். ஏழெட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். குனிந்து குழாயைப் பிடித்தார்கள். ஒரு தம் கட்டினார்கள். அசையவில்லை. முருகேசன் நிமிர்ந்தார்.

"சார், நீங்க மட்டும் கொஞ்சம் எறங்கிடுங்க. வண்டி ஒண்ணும் கனமில்ல."

செங்கலை நம்பி, மெதுவாக இறங்கினார். அடுத்த நொடி கார் பூக்கூடை மாதிரி மேலே எழும்பி, திரும்பி, மேட்டைப் பார்த்து நின்றது.

எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"ஏங்க, உங்க வெயிட்டு எவ்வளவுன்னு கணக்குல போட்டீங்க?"

"ஸ்டாண்டர்ட் டிரைவர்... எழுபத்தஞ்சு கிலோ."

"நீங்க எழுபத்தஞ்சா?"

புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்ததாம். ஸ்டீயரிங்கை எடை போட்டவர், ஹாரனை எடை போட்டவர், பெண்டாட்டியை எடை போட்டவர், தன்னைப் போடவில்லை! யோசித்துப் பார்த்தால் இவர் மட்டும் இல்லை. வீட்டில் யார் யார் பாரம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் எல்லாருமே தங்களை மட்டும் ஸ்டாண்டர்ட் எடையில்தான் போட்டுக்கொள்கிறார்கள், இல்லையா?

கதை இன்னும் முடியவில்லை. ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். பையன்கள் பின்னால் முட்டுக் கொடுத்தார்கள். க்ளட்சை விட்டார், எஞ்சின் நின்றது. மறுபடி. நின்றது. மூன்றாம் தடவை கொஞ்சம் முனகி ஏறிவிட்டு, கருகல் வாசனையோடு நின்றது. கீழ் இழுவையை எல்லாம் மேலே அனுப்பியாயிற்றே, மேட்டில் எங்கிருந்து வரும்? ஜிப்ஸி எஞ்சினாக இருந்தால்... என்று பிரகாஷ் ஆரம்பித்தான். நான் முறைத்ததில் நிறுத்திக்கொண்டான்.

எடை குறைந்தால் வண்டி ஏறும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்தானே? பாயசத் தூக்கைத் தம்பி கையில் கொடுத்தேன். இறங்குங்க, நான் எடுக்கிறேன் என்றேன். என்னைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், மனசுக்குள் ஒரு கழித்தல் போட்டார். எஞ்சினியர் இல்லையா, கணக்கு சரியாக வந்தால் மறுக்க மாட்டார். இறங்கிக்கொண்டார்.

பெடல் எட்டவில்லை. சரோஜா அக்கா ஓடிப் போய் முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்தார். கைப்பையில் இருந்த ஸ்கார்ஃபை எடுத்துக் கட்டிக்கொண்டேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறேன், எந்தச் சத்தத்தில் அது விழிக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்தச் சத்தம் வரும்வரை ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பயமாகத்தான் இருந்தது. க்ளட்சை விட்டேன்.

போனது பாருங்கள்! சந்தின் இரண்டு சுவரும் சேர்ந்து கத்தின. மேட்டுக்கு மேல் வந்து, சுற்றிக்கொண்டு, என் தெருவுக்குள் நுழைந்தேன். வாசலுக்கு வாசல் ஆட்கள். ஒரு தடவை போதவில்லை, கோயில் வரை போய்த் திரும்பி இன்னொரு தடவை வந்தேன். இந்த வயதில் அப்படி வாய்விட்டுச் சிரித்தேன். இவர் மூச்சு வாங்க ஓடி வந்து தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. எஞ்சின் நன்றாகப் பாடியதாம்.

வீடு திரும்பும்போது நான் காரில். அவர் ஆட்டோவில், காலித் தூக்கோடு.

நேற்றுக் காலை ஹாலில் அந்த சீட்டைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தேன். காரில், பழைய இடத்திலேயே, நாலு போல்ட்டும் முறுக்கி மாட்டியிருக்கிறார். பக்கத்தில் ஒரு ஹேண்ட்பிரேக்கும் புதிதாக முளைத்திருக்கிறது. பதினோரு கிலோ பரவாயில்லையா என்று கேட்டேன்.

"ஒருத்தரா போனா போரடிக்குது வசந்தி" என்றார்.

நெகிழ்ந்துதான் போனேன். பொய் சொல்ல மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக நந்தி மலைப் பக்கம் போகிறோம். எந்த சீட்டில் யார் என்பதை மட்டும் இன்னும் பேசி முடிவு செய்யவில்லை.

சாவி என்னிடம்தான் இருக்கிறது.