பட்டியலில் இல்லாத மண்

அண்ணனுக்கு நிணநீர்ப் புற்றுநோய்; கழுத்தில் கட்டி. அவன் ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளை அணுக்கள், பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே வந்தன. நோய் அணுவை அடையாளம் காணும் திறனை அவற்றுக்கு ஊட்டி, கோடிக்கணக்கில் பெருக்கி, அவன் உடம்பிலேயே திரும்ப ஏற்ற வேண்டும். உறவு என்பதால் அவன் அணுக்கள் இருந்த பையைத் தொட எனக்கு அனுமதி இல்லை. பக்கத்து அறையில் வேறு யாருடையதையோ வளர்த்தேன். தினமும் எண்ணிக்கை மட்டும் கேட்பேன். கூடிக்கொண்டிருந்தது. சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை.

அணுக்கள் பெருகிய மூன்று வாரமும் அவன் எங்கள் ஊர் சங்கரன்கோவிலில், அம்மாவிடம் இருந்தான். இடையில் கொடுத்த கீமோவால் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லை. எதெல்லாம் கூடாது, எதை எப்படிக் கழுவ வேண்டும் என்று அம்மாவுக்குப் பட்டியல் எழுதி அனுப்பியிருந்தேன். பச்சைக் காய், பூ, கடைச் சாப்பாடு, பார்க்க வரும் ஆட்கள் என்று பதினான்கு வரிகள். அம்மா ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தாள்.

அணுக்கள் தயாரான வாரத்தில் காய்ச்சல் வந்தது. திருநெல்வேலியில் சேர்த்தார்கள். நான் பஸ் பிடித்துப் போனேன்.

"வேற என்னம்மா குடுத்த?"

"எல்லாம் நீ எழுதுனபடிதான்." பிளாஸ்க்கை மூடிக்கொண்டே, "கோயில் புத்துமண்ணு மட்டும் தண்ணில கரைச்சு நாக்குல வச்சேன். அஞ்சு நாளா" என்றாள்.

கோயில் புற்றிலிருந்து எடுத்துப் பிரசாதமாகத் தரும் மண்; எங்கள் ஊரில் எந்த வியாதிக்கும் அது உண்டு. நெற்றியில் பூசுவோம், கொஞ்சம் தின்போம். பரீட்சை நாட்களில் நானும் தின்றிருக்கிறேன்.

"நீ எழுதலயேட்டி. ஒனக்குத் தெரியாத மண்ணா?"

தெரிந்த மண்தான். அதனாலேயே எழுதத் தோன்றவில்லை.

கட்டிலில் இருந்து அண்ணன் சொன்னான்: "ஏட்டி, அம்மாவ ஏசாத. வாயத் தொறந்தது நாந்தான. கரண்டி வேற சுடுதண்ணில கழுவித்தான் குடுத்தா, ஒன் லிஸ்ட்ல இருக்குன்னு."

மருத்துவரிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார். கிருமி மண்ணிலிருந்து வந்ததா, கீமோவுக்காகக் கையில் போட்டிருந்த குழாய் வழியே வந்ததா என்று பரிசோதனையில் தெரியவில்லை. காய்ச்சல் விட்டால்தான் ஏற்றலாம். அணுக்கள் உறைந்த நிலையில் காத்திருக்கும். கட்டி காத்திருக்காது.

பதினோராம் நாள் காய்ச்சல் விட்டது. பெங்களூரில் எடுத்த ஸ்கேனில் கழுத்துக் கட்டி பெரிதாகியிருந்தது. இருந்தும் ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் பை காலி.

"இனி சரியாயிருமா?" வெளியே நின்ற அம்மா கேட்டாள்.

"ஒரு மாசத்துல ஸ்கேன் எடுப்பாங்க."

"கட்டி பெருசானது என்னாலதானா?"

"தெரியலம்மா."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.