கிரண் தூங்கிய அறை

தாரணிக்குப் பொறாமை சின்ன வயதிலிருந்தே பழகிப்போன விஷயம். கர்நாடக எல்லைக்குள் இருந்த ராமாபுரத்தில் அவளுடைய அப்பா உரக்கடை வைத்திருந்தார். மூன்று பெண்களில் அவள் நடு ஆள். அக்காவுக்குப் புதுப் பாவாடை வரும், தங்கைக்குக் கொஞ்சல் கிடைக்கும், இவளுக்கு அக்காவின் பழைய பாவாடை வந்து சேரும். மற்றப் பெண்கள் உள்ளுக்குள் புழுங்குவதை இவள் வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். அக்காவின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் காதுபட, "எனக்கு வயிறு எரியுது" என்று சொல்லி அம்மாவிடம் கிள்ளு வாங்கியவள் அவள்.

கல்யாணமாகி மைசூருக்கு வந்த பிறகு அந்த வயிற்றெரிச்சலுக்குத் தீனி அதிகமாயிற்று. சயாஜிராவ் ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் அவளுக்குச் சேலைப் பிரிவில் வேலை. காலையில் போய் நின்றால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நூறு சேலையை உதறி விரித்துக் காட்டி, அவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு போனதும் மீதியை மடித்து அடுக்க வேண்டும். வீடு வித்யாரண்யபுரத்தில். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை. அவளும் கணவன் கிரணும், மகள் தமிழ்ப்ரியாவும், மாமியார் பொன்னம்மாவும் அதற்குள் இருந்தார்கள். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டால் கதவை யாராவது தட்டாமல் அவள் ஒருநாளும் குளித்து முடித்ததில்லை.

கிரண் தண்ணீர் மோட்டார் விற்கும் ஒரு கம்பெனியில் ஏரியா மேனேஜர். மாதத்தில் பாதி நாள் ஹூப்ளி, ஷிமோகா, சேலம், கோயமுத்தூர் என்று டூர். தங்கும் ஓட்டலுக்குப் பணம் கட்டுவது கம்பெனி, அதற்கான பாயிண்ட் ஏறுவது கிரணின் பெயரில், போதுமான அளவு சேர்ந்தால் ஒரு ராத்திரி இலவசமாகத் தங்கலாம். அந்த ஓட்டல்காரர்களுக்கு ஊர் ஊராகக் கிளைகள் இருந்தன. கிரணுக்குத் தங்க நிற அட்டை கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை தங்கி வந்ததும் அவன் செல்போனில் ஒரு ரிவ்யூ எழுதுவான். குளியலறை எவ்வளவு பெரிது, தலையணை எவ்வளவு மிருது, இட்லி எப்படி, வெந்நீர் எத்தனை நிமிஷத்தில் வந்தது என்று விலாவாரியாக எழுதி, ராத்திரி சாப்பிடும்போது அதை வீட்டாருக்கு வாசித்தும் காட்டுவான். பொன்னம்மா மகன் ஏதோ பரிசு வாங்கி வந்ததுபோலக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் கொண்டுவந்த குட்டி ஷாம்பூ பாட்டில்களை அவள் ஷோகேஸில் வரிசையாக வைத்திருந்தாள். தாரணிக்கோ சாதம் இறங்காது. தான் இங்கே ஒற்றை பக்கெட் தண்ணீருக்குக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கத்திக்கொண்டிருக்க, இந்த மனுஷன் குளியலறைக்கு மார்க் போடுகிறானே என்று இருக்கும்.

பாயிண்டுகள் சில இந்த மாதத்தோடு காலாவதியாகப் போகின்றன, ஒருநாள் இரண்டு பேரும் எங்கேயாவது போய்த் தங்கலாம் என்று கிரணே ஒருநாள் சொன்னான். மடிகேரி என்றான், கோயமுத்தூர் என்றான். தாரணி ஒரே பேச்சாக, மைசூரிலேயே ஹர்ஷா ரோட்டுக்குப் பின்னால் இருக்கிறதே அதே கம்பெனி ஓட்டல், அங்கேதான் என்றாள். தினமும் பஸ்ஸிலிருந்து அதன் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு போகிறவள் அவள். உள்ளே போகிறவர்களின் பெட்டிகளைப் பார்த்தே அவளுக்குப் பாதி வழி எரிச்சலில் கழியும்.

"சொந்த ஊர்ல யாராவது ஓட்டல்ல தங்குவாங்களா? சும்மா வேஸ்ட் தாரணி" என்று கிரண் மழுப்பினான். லீவு கிடைக்காது, எனக்கு இந்த ஊரே போதும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். கடைசியில் அவன் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்ட முகத்தில் சந்தோஷம் இல்லாததை அவள் கவனித்தாள். பாயிண்ட் செலவாகிறதே என்ற கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டாள். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினாள்.

ரிசப்ஷனில் மனிஷா என்று பெயர்ப்பட்டை குத்திய ஒரு பெண் நின்றிருந்தாள். கிரணைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "வெல்கம் பேக் சார். ஹோத்சல கொட்ட ரூமே கொட்டிதீனி" என்றாள். போன தடவை கொடுத்த அறையையே கொடுத்திருக்கிறேன் என்கிறாள். தாரணிக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். கடையில் நாள் முழுக்கப் பேசுவது கன்னடம்தான்.

அறைக்குள் போனதும் கிரண் திரைச்சீலைக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலேயே ஸ்விட்ச்சைப் போட்டான். கைகழுவப் போனவன், வெந்நீர்க் குழாய் இங்கே வலப்பக்கம், ஜாக்கிரதை என்று வேறு உள்ளேயிருந்து சொன்னான். தாரணி கட்டிலில் உட்காரவில்லை. ஜன்னலோரம் கிடந்த நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யாருகூட வந்தீங்க?"

கிரண் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். தனியாகத்தான் வந்தேன் என்றான்.

"சொந்த ஊர்ல, வீட்டை வெச்சுக்கிட்டு, எந்த ஆம்பளை தனியா ஓட்டல்ல வந்து படுப்பான்?"

அவன் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. டீ கொண்டுவந்தவர் பசவராஜ் என்ற ரூம் சர்வீஸ்காரர், காதோரம் நரைத்த மனிதர். டீ ட்ரேயை வைத்துவிட்டு, தாரணியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்து, மேடம் வந்திருப்பதில் சந்தோஷம் என்றார். பிறகு கன்னடத்தில், இவரை நாங்கள் 'நித்தெ சார்', அதாவது தூக்கக்கார சார் என்றுதான் சொல்லுவோம் என்று வெள்ளந்தியாகச் சொன்னார். மற்றவர்கள் வந்தால் அது வேண்டும் இது வேண்டும் என்று பத்து முறை போன் வரும். இவர் வந்தால் கதவில் தொந்தரவு செய்யாதீர்கள் பலகையை மாட்டிவிட்டுப் படுப்பார், காலையில் நாங்களே பயந்துபோய்த் தட்டி எழுப்ப வேண்டும். அப்படியொரு தூக்கம். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தாரணி நம்பிவிட்டாள். பசவராஜுக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்? நம்பிய பிறகு நெஞ்சு ஆறுமென்று பார்த்தால் முன்னைவிட அதிகமாக எரிந்தது. இன்னொருத்தி இருந்திருந்தால் அவள் யார், எப்படி இருப்பாள் என்று கேட்டு, திட்டி, அழுது, அப்பாவைக் கூட்டி வந்து நியாயம் பேசியிருக்கலாம். இது வேறு.

"இந்தக் கட்டில்கூட எப்படிங்க சண்டை போடறது?" என்று அவனிடமே கேட்டாள்.

கிரண் தரையைப் பார்த்தபடி சொன்னான். பத்து நாள் பஸ்ஸிலும் டீலர் குடோனிலும் அலைந்துவிட்டு வருகிறான். நேராக வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே அம்மா பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்ல ஆரம்பிப்பாள், மகள் கணக்குப் புஸ்தகத்தை நீட்டுவாள், சிலிண்டர் வரவில்லை என்பாள் இவள். எல்லாம் சரிதான், எல்லாம் தன் வேலைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு ராத்திரி, யாரும் தன்னிடம் எதுவும் கேட்காத ஒரு இடத்தில் படுத்துக் கிடக்க வேண்டும் என்று தோன்றியது. ஒருமுறை செய்தான், பிறகு விட முடியவில்லை. ஆறேழு தடவை இருக்கும் என்றான்.

தாரணிக்குப் போன சித்திரை நினைவுக்கு வந்தது. ரயில் லேட், காலையில்தான் வருவேன் என்று அவன் போன் செய்த நாள். தமிழ்ப்ரியாவுக்குக் காய்ச்சல். கடையில் பாதி நாள் லீவு கேட்டுக் கிடைக்காமல், சேலை மடித்துக்கொண்டே மாமியாரிடம் போனில் மருந்து பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இவன் கூப்பிடு தூரத்தில், இந்த வெள்ளை விரிப்பில், பசவராஜ் வந்து எழுப்பும்வரை தூங்கியிருக்கிறான்.

"உங்களுக்கு யாரும் எதுவும் கேக்காம இருக்கோணும். எனக்கு வேண்டாமா?" என்றாள். குரல் உயரவில்லை. "நீங்க வீட்டுக்குப் போங்க. நான் இருந்துட்டு வர்றேன்."

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கிரண் கேட்டான். ரயில் லேட் என்று சொல்லுங்கள் என்றாள் தாரணி. அவள் முகம் இளகுகிற மாதிரி தெரியவில்லை. டீயைக்கூடக் குடிக்காமல் தன் பையை எடுத்துக்கொண்டு போனான்.

அவள் முதலில் குளித்தாள். யாரும் கதவைத் தட்டவில்லை. தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கிரண் இந்தத் தண்ணீரில் எத்தனை தடவை நின்றிருப்பான் என்ற நினைப்பு வந்து, இன்னும் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே நின்றாள். தயிர்சாதம் வரவழைத்துக் கட்டிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவன் படுக்கிற பக்கம் எதுவாக இருக்கும் என்று யோசித்து அந்தப் பக்கமே படுத்தாள். அவளுக்கும் தூக்கம் நன்றாகவே வந்தது. விழித்தபோது வெயில் திரைச்சீலை ஓரமாக உள்ளே வந்திருந்தது.

முதலில் போனை எடுத்துப் பார்த்தாள். வீட்டிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. மோட்டார் போட்டார்களா, பால் வாங்கினார்களா, எதற்கும் அவளைத் தேடவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு இறங்கிப் போனாள். பக்கத்து மேஜையில் அவள் வயதுள்ள ஒருத்தி தனியாக உட்கார்ந்து, லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே பப்பாளித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சாப்பிட்டாள். இரண்டாவது முறை எழுந்து போய்த் தோசை கேட்க அவளுக்குக் கூச்சமே இல்லை. தாரணி தட்டில் இருந்த ஒரே தோசையைப் பார்த்துக்கொண்டு, இவளுக்கு யார் இதைப் பழக்கிக் கொடுத்தது என்று பொருமினாள்.

பொறுக்காமல் வீட்டுக்குப் போன் செய்தாள். தமிழ்ப்ரியா எடுத்தாள். அப்பா உப்புமா செய்தார், சூப்பராக இருந்தது, பாட்டிகூட ரெண்டு தடவை போட்டுக்கொண்டாள் என்று கன்னடத்தில் மூச்சு விடாமல் சொன்னாள். பின்னால் எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. பதினோரு வருஷமாகத் தாரணியின் உப்புமாவை மாமியார் ஒருமுறைகூட இரண்டாவது தடவை போட்டுக்கொண்டதில்லை. அவள் அரை மணியில் அறையைக் காலி செய்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு வேலையில் இறங்கினாள். சாயங்காலம் ஓட்டலிலிருந்து ரிவ்யூ கேட்டு அவன் போனுக்குச் செய்தி வந்தது. தங்கியது நீதான், நீயே எழுது என்று போனை அவளிடம் நீட்டினான். தாரணி படித்தது கன்னடப் பள்ளிக்கூடத்தில், எழுத வருவதும் கன்னடம்தான். கன்னடத்திலேயே எழுதினாள். அறை சுத்தம். வெந்நீர்க் குழாய் எல்லா ஊரிலும் இருக்கிற பக்கம் இருந்தால் நல்லது. தோசைக்காரர் கேட்கிறவர்களுக்குத்தான் இரண்டாவது தோசை போடுகிறார், கேட்கத் தெரியாதவர்களிடம் அவரே வந்து கேட்க வேண்டும். பசவராஜ் நல்ல மனிதர், உண்மையைப் பேசுகிறார். தூக்கம் மிக நன்றாக வருகிறது, ஆகவே ஒருவருக்கொருவர் சொல்லாமல் இங்கே வந்து தூங்குவது குடும்பத்துக்கு ஆகாது. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போட்டாள்.

இரண்டு நாளில் அந்த ரிவ்யூவுக்குக் கிரணின் எந்த ரிவ்யூவுக்கும் விழாத அளவு லைக் விழுந்தது. ஓட்டல் மேனேஜர் பதிலும் போட்டிருந்தார்: மதிப்புக்குரிய திரு. கிரண் அவர்களே, உங்கள் மனம் திறந்த கருத்துக்கு நன்றி. கிரண் அதைக் கடையில் இருந்தவளுக்கு அனுப்பி வைத்தான். தாரணி இடைவேளையில் அதைப் படித்தாள். எழுதியது அவள், பாராட்டு அவன் பெயருக்கு. அன்றைக்குச் சாயங்காலமே பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டலுக்குள் போய், மனிஷாவிடம் தன் பெயரிலும் ஒரு அட்டை வேண்டும் என்று கேட்டாள். அதற்கு ஒன்றும் கட்ட வேண்டியதில்லை மேடம், ஆனால் தங்கினால்தான் பாயிண்ட் ஏறும் என்று மனிஷா சொன்னாள். வெள்ளை அட்டைதான் கிடைத்தது.

அதன் பிறகு வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. பாயிண்ட் சேரும்போது ஒரு ராத்திரி அவனுக்கு, அடுத்தது அவளுக்கு. பொய் சொல்லிப் போகக் கூடாது. கிரண் முதல் முறை சொல்லிவிட்டுப் போன சனிக்கிழமை, தாரணி வாசலில் நின்று, "போயிட்டு வாங்க. எனக்கு வயிறு எரியுதுங்க, தெரிஞ்சுக்கங்க" என்றாள். தெரியும் என்றான் கிரண். மறுநாள் காலையில் அவன் யாரும் எழுப்பாமலேயே சீக்கிரம் வந்துவிட்டான். சொல்லிவிட்டுப் போனால் அவ்வளவு நன்றாகத் தூக்கம் வரவில்லை என்று குறைப்பட்டான். அதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பொன்னம்மா ஒருநாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே மருமகளைக் கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போறீங்க. நான் இந்த ஊட்டுக்கு வந்து நாப்பது வருஷம் ஆகுது. நான் மட்டும் என்ன பாவம் பண்ணுனேன்?"

அடுத்து வந்தது தாரணியின் முறை. ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். அவளே மாமியாரை ஆட்டோவில் கூட்டிப்போய், பசவராஜிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் மத்தியானம் பொன்னம்மா வந்து சேர்ந்தாள். காப்பி ஒரே தண்ணி, பேச ஆளில்லை, கட்டில் ரொம்ப உயரம் என்று வரிசையாகக் குற்றம் சொன்னாள். ஆனாலும் முகம் தெளிந்திருந்தது, முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வயதானவர் என்று மனிஷா அவளுக்கு மேல்மாடியில் பெரிய அறையாகக் கொடுத்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் சாமுண்டி மலை முழுசாகத் தெரிந்ததாம், சாயங்காலம் விளக்குப் போட்டதும் படுத்தபடியே கும்பிட்டாளாம்.

"எனக்குக் கொடுத்த ரூம்ல எதுத்த கட்டடத்தோட தண்ணித் தொட்டிதான் தெரிஞ்சுது" என்றாள் தாரணி. சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய், மாமியாருக்குச் சாதம் போடத் தட்டை எடுத்தாள்.