கடைசிக் கச்சேரியில் என் நாற்காலி

கள்ளக்குறிச்சியில் எங்கள் ஊர் மெல்லிசைக் குழு கலையப்போகிறது என்று சவுண்டு சர்வீஸ் கடையில் சொன்னார்கள். பாடகருக்கும் கீபோர்டுக்காரருக்கும் ஒத்துவரவில்லையாம், ஆளுக்கொரு குழு ஆரம்பிக்கிறார்களாம். சங்கராபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்புதான் கடைசிக் கச்சேரி. எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கச்சிராயபாளையத்துக்காரன் கட்டாயம் வந்து தொலைப்பானே என்றுதான் முதலில் தோன்றியது.

அவனும் என்னைப்போல அந்தக் குழுவின் மேல் பைத்தியம். கரும்பு போடுகிறவன், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான். எந்த ஊர்க் கச்சேரியானாலும் கடைசிப் பாட்டு வரை இருப்பான். நான் டவுன் பஸ்ஸை நம்பிப் போகிறவன், பாதியில் எழுந்து ஓடுவேன். எல்லாம் முடிந்து ஒயர் சுருட்டும்போது பாடகர் அவன் தோளில் கைபோட்டுப் பேசுவாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தீராத வயிற்றெரிச்சல். குழு கலைவதற்குள் ஒரு தடவையாவது அந்தப் பாடகர் என்னையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

கல்யாண மண்டபத்துக்கு அழைப்பில்லாமல் போவதில் ஒரு சௌகரியம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் நம்மைப் பெண் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். அன்றைக்கு முன்வரிசை கிடைக்க வேண்டுமே என்று நான் கொஞ்சம் அதிகமாகவே உறவுக்காரனாகிவிட்டேன். வாசலில் நின்று பன்னீர் தெளித்தேன். வந்தவர்களைக் கும்பிட்டு உள்ளே அனுப்பினேன். பிறகு மேடைக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தேன். அவனை இன்னும் காணோம். மனசுக்குள் ஒரே கும்மாளம்.

இரண்டு பாட்டுகூட ஆகியிருக்காது, பெண்ணின் சித்தப்பா வந்து தோளைத் தட்டினார்.

"இன்னா மாமா, இங்க குந்திக்கினு இருக்கீங்க? பந்தியில ஆளு கம்மி. எழுந்து வாங்க."

நீங்கள் யார் வீட்டு ஆள் என்று கேட்டுவிட்டால் மானம் போய்விடும். எழுந்தேன். கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தார். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தால், என் நாற்காலியில் அவன்.

பந்தி கீழ்த்தளத்தில். பாட்டு அங்கும் கேட்டது. அந்த ஆத்திரத்தில் கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் சாம்பார் ஊற்றினேன். திடீரென்று பாட்டு நின்று பாடகரின் பேச்சு வந்தது.

"இதோட நாங்க பிரியறோம். எங்க போனாலும் எங்களைத் தேடி வந்த ரசிகர் ஒருத்தர் இங்க இருக்கார். அண்ணே, மேடைக்கு வாங்க."

ஊர் பேர் எதுவும் சொல்லவில்லை. என்னைத்தான் என்று நெஞ்சு நம்பிவிட்டது. வாளியோடு படியேறி ஓடினேன்.

மேடையில் அவன் நின்றான், தோளில் சால்வை. சண்டைக்காரக் கீபோர்டுக்காரர்கூடக் கைதட்டிக்கொண்டிருந்தார். அவன் என்னைப் பார்த்தான். எத்தனையோ ஊர்க் கச்சேரிகளில் பார்த்த முகம், நன்றாகவே தெரியும். 'அவரும் நம்ம ஆளுதான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, வாயைத் திறக்கவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

பாடகரும் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர, மைக்கிலேயே பேசினார்.

"பெரியப்பா, பந்தி முடிஞ்சிச்சாங்க? எங்க ஆளுங்களுக்கும் எல போடச் சொல்லுங்க."

நானே போட்டேன், அவனுக்கும் சேர்த்து.