பழைய சர்வருக்குள் ஓர் அழைப்பு

"ஏசி குளிரில் கண் அசந்திருப்பாள், கனவு கண்டிருப்பாள்" என்று இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அக்கா தங்கை இருவரில் பெரியவள் கண் அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். முழு விழிப்போடும் அதைவிட முழுக் கோபத்தோடும்தான் இருந்தாள். நடந்ததை அப்படியே சொல்கிறேன். கூட்டிச் சொல்ல எனக்கே தைரியம் இல்லை.

அக்காவும் தங்கையும் ஆம்புலன்ஸ் அழைப்பு மையம் ஒன்றில் வேலை பார்த்தார்கள். சின்னவள் மாடியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு போன் எடுப்பவள். பெரியவள் கீழ்த்தளத்தில் சர்வர்களைப் பராமரிப்பவள். அழைப்பு வந்தால் சின்னவள் முகவரியைத் தட்டி, 'அனுப்பு' பட்டனை அழுத்துவாள். அது கீழே உள்ள ஏழு சர்வர்களைத் தாண்டி, வண்டி டிரைவரின் திரையில் போய் விழும்.

அந்த ஞாயிறுக்கு மூன்று வாரம் முன்பு ஓர் அழைப்பு போய் விழவில்லை.

மனைவிக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒரு முதியவர் கூப்பிட்டார். "அஞ்சு நிமிஷத்துல வண்டி வந்துரும் ஐயா" என்றாள் சின்னவள். அழுத்தினாள். வண்டி வரவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டபோது வேறொருத்தி எடுத்து, "கிளம்பிடுச்சு ஐயா, வந்துட்டிருக்கு" என்றாள். அவள் திரையில் அப்படித்தான் இருந்தது. அந்த அம்மாள் காத்திருந்தே இறந்துபோனார்.

கவனக்குறைவு என்று சின்னவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். "அழுத்தினேன்க்கா... சத்தியமா அழுத்தினேன்" என்று அவள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். சாப்பாடு இறங்கவில்லை.

 தப்பு எங்கே என்று பெரியவளுக்குத் தெரியும். ஏழாவது சர்வர். மற்ற ஆறும் புதுசு. அவற்றில் ஒரு கண்காணிப்பு மென்பொருள் போட்டிருந்தார்கள். எந்த அழைப்பு எந்தச் சர்வரில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சர்வர் அறைச் சுவரிலுள்ள பெரிய திரையில் பெட்டி பெட்டியாகக் காட்டும். ஏழாவதற்கு மட்டும் பெட்டி கிடையாது. அந்த இடம் வெறும் கறுப்பு.

மேலாளரிடம் போய் நின்றாள்.

"அதுல இருக்கற ஆபரேட்டிங் சிஸ்டம் பழசும்மா. இந்த சாஃப்ட்வேர் அதுல ஓடாது. கம்பெனிக்காரனே சொல்லிட்டான், ஆதரவு கிடையாதுன்னு."

"அப்போ சர்வரையே மாத்துங்க சார். புதுசு வாங்கி எட்டு மாசமா அட்டைப்பெட்டிக்குள்ளயே கிடக்கு."

"நாளைக்குப் பாக்கலாம்."

எதைக் கேட்டாலும் இதே பதில்தான். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயரே 'நாளைக்கு சார்'. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்த ஞாயிறு அவள் யாரையும் கேட்காமல் சர்வர் அறைக்குள் போனாள். திங்களன்று மேலிடத்து ஆய்வு. அதற்காக மேலாளரும் மாடியில் தன் அறையில் இருந்தார்.

ஏழாவதில் அந்த மென்பொருளை ஏற்றிப் பார்த்தாள். ஏற்கவில்லை. ஒரு பழைய பதிப்பைத் தேடிப் பிடித்து முயன்றாள். ஏற்கவில்லை. அதற்கும் பழையது... ம்ஹூம். ஒவ்வொரு முறையும் அதே வரி. இந்த இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை.

"ஒரு உயிரை முழுங்கிட்டு ஜடம் மாதிரி நிக்கிறியே!" சர்வர் அலமாரியை ஓங்கி ஓர் உதை விட்டாள். கால் வலித்ததுதான் மிச்சம்.

திரும்பினாள்.

சுவர்த் திரையில் ஏழு பெட்டிகள் இருந்தன.

எண்ணிப் பார்த்தாள். ஏழு. கறுப்பாக இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு பெட்டி. அவள் ஏற்றிப் பார்த்த எதுவும் ஏறவில்லை.  ஆனால் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரே ஓர் அழைப்பு, முடியாமல் நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக?

இருபத்தொரு நாள்.

பக்கத்தில் முகவரி. அவள் அதை மறக்கவே முடியாது. தங்கை தூக்கத்தில் பிதற்றும் முகவரி.

ஏசி நின்றுவிட்டது போல அறை திடீரென்று அமைதியானது.

ஸ்ஸ்ஸ்...

லைன் சோதிக்கிற மேசையிலிருந்து. அங்கே ஒரு ஹெட்செட் கிடந்தது.

ஸ்ஸ்ஸ்... ஹ்ஹா... ஸ்ஸ்ஸ்...

மூச்சு. இழுத்து இழுத்து விடும் மூச்சு.

அவள் அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க."

பெண் குரல். வயதான குரல்.

"யா... யாரு பேசறது?"

"வண்டி எங்க?"

அவள் கை வயரைப் பிடித்துக்கொண்டே போனது. வயரின் நுனி வந்தது. எதிலும் செருகவில்லை. காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள்.  இவளுக்கு மூன்று வாரக் கோபம் பயத்தை முந்திக்கொண்டு வந்தது.

"என் தங்கச்சி மேல தப்பில்லம்மா! அவ அனுப்பிட்டா!"

மூச்சு நின்றது.

"தெரியும்."

பிறகு... மெதுவாக...

"மேல இருக்கறவனக் கூப்பிடு."

கூப்பிட்டாள். "சர்வர் ரூமுக்கு வாங்க சார். உடனே" என்று மட்டும் இன்டர்காமில் சொன்னாள்.

மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். திரையைப் பார்த்தார். "யார் உன்னை இதுல கை வைக்கச் சொன்னது?" என்று கத்தினார். அவள் ஹெட்செட்டை நீட்டினாள். வயரைத் தூக்கிக் காட்டினாள்.

"என்ன விளையாட்டு இது?" பிடுங்கிக் காதில் வைத்தார்.

முகம் வெளுத்தது.

உதடு அசைந்தது. "நாளை..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"இல்ல... இல்லம்மா... இன்னிக்கே... இன்னிக்கே பண்ணிடறேன்."

ஹெட்செட் கீழே விழுந்தது. திரையில் ஆறு பெட்டிகள் மட்டும் இருந்தன.

அன்று மாலைக்குள் அட்டைப்பெட்டியைப் பிரித்தார்கள். புது சர்வர் ஓடத் தொடங்கியது. பழையதைக் கழற்றித் திறந்து பார்த்தபோது, சின்னவள் அனுப்பிய அழைப்பு அதன் வயிற்றில் அப்படியே கிடந்தது. ஆய்வுக்கு வந்தவர்களிடம் மேலாளரே வாயைத் திறந்து, "தப்பு எங்க மேல" என்றார். சின்னவளைத் திரும்ப வேலைக்கு அழைத்தார்கள். காதில் என்ன கேட்டது என்பதை மட்டும் மேலாளர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெரியவள் மென்பொருள் கம்பெனியின் பொறியாளரிடமும் விசாரித்தாள். "அந்தச் சர்வரா? எங்க சிஸ்டத்துல ஒரு நொடிகூட சேரலையே மேடம். சேரவும் முடியாது" என்றார்.

மீண்டும் வேலைக்குச் சேரும் முன் சின்னவள் அந்த முதியவரைப் பார்க்க வேண்டும் என்றாள். இருவரும் போனார்கள். சின்னவள் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சொல்லக்கூடாது என்றுதான் பெரியவள் இருந்தாள். வாய் நிற்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

முதியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பேசினாளா?"

"ஆமாங்கய்யா."

"அவ பேசி ஏழு வருஷமாச்சும்மா. பக்கவாதம் வந்ததுல குரல் போயிடுச்சு. அன்னிக்குக்கூட கண்ணாலதான் கேட்டா, வண்டி எங்கன்னு."

முதியவர் சற்று முன்னால் குனிந்தார்.

"கோபமாவா பேசினா?"

பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

முதியவர் காலிக் கட்டில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்போ அவளேதான்."